துளை விழுந்த கார்க்

அத்தியாயம் 11

வெங்காயம் கருகும் வாசனை மூக்கியைப் படிக்கட்டின் பாதியிலேயே நிறுத்தியது. இரண்டு இரண்டு படியாகத் தாண்டிச் சமையலறைக்குள் ஓடினாள்.

அடுப்பில் வாணலி புகைந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு அப்பா சாவகாசமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அடுப்பைக் கொஞ்சம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

அவர் தலையைத் தூக்கி வாணலியைப் பார்த்தார். "அட, ஆமா. விளையாட்டுப் பக்கத்துல மூழ்கிட்டேம்மா."

வேறொரு நாளாக இருந்தால் மூக்கி ஒரு பாட்டம் பேசித் தீர்த்திருப்பாள். இன்றைக்கு அதற்கு மனம் இல்லை. கருகியதைத் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். கை நறுக்கியது. மனம் மாடியில், தம்பியின் அறை அலமாரிக்குள் இருந்தது.

முந்தாநாள் அந்த அலமாரியில் கண்டதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. துவைத்த துண்டுகளை வைக்கப் போனவள், துணி அடுக்குக்குப் பின்னால் கடையின் சிவப்பு ஒயின் பாட்டில்கள் இரண்டைப் பார்த்தாள். பக்கத்திலேயே கைக்குட்டையில் சுற்றி ஓர் ஆஸ்பத்திரி ஊசி. சாதாரண ஊசி இல்லை, விரலைவிட நீளம். பாட்டில்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கார்க்கின் மேல் ஊற்றிய மெழுகில், இரண்டிலும், மயிரிழை அளவுக்கு ஒரு துளை.

யாருடைய ஊசி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டிலும் எல்லாரும் அவளை அப்படியேதான் கூப்பிட்டார்கள். கல்யாணமாகி வந்து நாலு மாதம் ஆகிறது.

கடைக்குப் போதாத காலம் தொடங்கியும் சரியாக நாலு மாதம்தான் ஆகிறது.

கடை தரைத்தளத்தில், வீடு அதற்கு மேலே. கடைக்கும் கீழே நிலவறை. வருஷத்தில் இரண்டு முறை பீப்பாயில் சிவப்பு ஒயினை வரவழைத்து, நிலவறையிலேயே பாட்டிலில் நிரப்பி, கார்க் அடித்து, மெழுகு ஊற்றி விற்பார்கள். அதற்கு 'வீட்டுச் சிவப்பு' என்று பெயர். கடை நின்றதே அதன் மேல்தான்.

இந்தக் கடைக்கு வருகிறவர்கள் ஒயின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு அடுப்பில் என்ன என்று சொல்வார்கள். மூக்கி ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பாள். வெறும் ஆம்லெட்தான் என்று கூச்சத்தோடு சொல்கிறவருக்கு நுரைக்கிற வெள்ளை. ஏனென்றால் மஞ்சள்கரு நாக்கில் பசை மாதிரிப் படியும், குமிழி அதைத் தேய்த்துக் கழுவிவிடும். ஆட்டுத்தொடை வாங்கிப் போகிறவருக்குத் துவர்ப்பான சிவப்பு. துவர்ப்பு எதையாவது பிடித்துக்கொள்ளாமல் இருக்காது. கறி இல்லாவிட்டால் நாக்கையே பிடிக்கும், கொழுப்பும் கறியும் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். இதையெல்லாம் அவள் விளக்கிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்கிறவர்கூட அவசரப்பட மாட்டார்.

ஏழு வயதில், பால் திரியப் போகிறது என்று அது திரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொன்னதற்கு அப்பா வைத்த பெயர்தான் மூக்கி. முப்பத்தெட்டு வயதிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் பாட்டில்கள் திரும்பி வர ஆரம்பித்தன. கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. ஏதோ குறைகிறது, முன்னே மாதிரி இல்லை என்றார்கள். ஊர்க்கோடியில் தங்கும் விடுதி நடத்துகிற அப்பாவின் பழைய சிநேகிதர் ஒரு பெட்டியையே திருப்பி அனுப்பிவிட்டார். ஒயின் ஊமையாகிவிட்டது என்று அவர் சொன்ன வார்த்தை மூக்கியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த விடுதிக்காரர்தான் இன்று மதியம் விருந்துக்கு வருகிறார். வருஷக் கடைசி விடுமுறை விருந்து. இன்றைக்கும் சிவப்பு சரியில்லை என்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார், நட்பு வேறு, வியாபாரம் வேறு என்று. விருந்து நல்லபடியாக முடிந்தால் நிலவறைச் சாவியை மகளிடம் கொடுப்பதாக அப்பாவும் சொல்லியிருந்தார். சாவி யாரிடமோ அவர்தான் எதை வாங்குவது, எப்போது நிரப்புவது, எதை வெளியே அனுப்புவது என்று முடிவு செய்கிறவர். அந்தச் சாவிக்காக மூக்கி பதினைந்து வருஷமாகக் காத்திருந்தாள்.

நர்ஸுக்கு என்ன லாபம்? அதற்கும் மூக்கியிடம் விடை இருந்தது. போன வாரம் தம்பியின் சட்டைப் பையில் ஒரு விண்ணப்பத் தாள் கிடைத்தது. ஆஸ்பத்திரி வேன் ஓட்ட ஆள் தேவை. கடை படுத்துவிட்டால் தம்பி வேன் ஓட்டப் போவான். புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம்.

கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே மூக்கிக்குக் கோபம் கூடியது.

அவள் தன் பங்குக்கு ஒரு பொறி வைத்தாள்.

இந்த வீட்டு விருந்தில் பாட்டில்களைப் பெயர் தெரிய வைப்பதில்லை. அப்பா தொடங்கிவைத்த பழக்கம். பாட்டிலுக்கு ஒரு நீளக் காலுறை, ஒவ்வொன்றும் ஒரு நிறம், அதற்குள் பாட்டில். கழுத்து மட்டும் வெளியே தெரியும், மெழுகையும் முன்பே சுரண்டிவிடுவார்கள். விலையையோ பெயரையோ பார்த்து நாக்கு பொய் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. சில வருஷம் ஏதாவது ஒரு காலுறையில் ஒயினே இருக்காது. அதற்குக் கோமாளிக் காலுறை என்று பெயர். பெருமையடிக்கிறவனைப் பிடிப்பதற்கு. அந்த வருஷம் கோமாளி உண்டா, எந்த நிறம் என்பது அதைத் தயாரித்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷக் கோமாளியை மூக்கி ரசித்துச் செய்திருந்தாள். ஆறிப்போன கறுப்புத் தேநீர், அதில் திராட்சைச் சாறு, எலுமிச்சை, பொடித்து ஊறவைத்து வடிகட்டிய மிளகுத் தண்ணீர். தேநீரில் துவர்ப்பு, எலுமிச்சையில் புளிப்பு, மிளகில் தொண்டையைத் தொடும் சூடு. நாக்குக்கு வேண்டியது எல்லாம் இருக்கும். ஆனால் நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சங்கதிகள்தான். செர்ரியா, மண்ணா, புகையா என்பதெல்லாம் மூக்கு சொல்லித்தான் நாக்குக்கே தெரியும். அதனால் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், தேநீர் என்று குட்டு வெளிப்பட்டுவிடும். மோந்து பார்க்காமல் வாய் கிழியப் பேசுகிறவன்தான் மாட்டுவான்.

அதை மஞ்சள் காலுறையில் போட்டாள்.

சிவப்புக் காலுறையில் அவளே நிலவறையில் இறங்கிப் பொறுக்கி எடுத்த வீட்டுச் சிவப்பு. கறுப்பு மெழுகு, அதாவது தம்பி கல்யாணத்துக்குப் பிறகு நிரப்பியது. மெழுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் துளை இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

நீலக் காலுறையில், நர்ஸின் அலமாரியிலிருந்து எடுத்த பாட்டில். இரண்டில் முன்னால் இருந்ததை எடுத்தாள். பச்சை மெழுகு, கல்யாணத்துக்கு முன்பு நிரப்பியது. ஒயின் அதே ஒயின்தான். வித்தியாசம் துளை மட்டுமே. மெழுகை மட்டும் உடையாமல் முழுசாகக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள், சாட்சிக்கு.

விடுதிக்காரர் நீலத்தைக் குடித்து முகம் சுளிப்பார். அப்போது மெழுகை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நர்ஸ் காலை வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வந்தாள். நேராக மாடிக்குப் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கீழே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. மேஜையில் நின்ற மூன்று காலுறைகளையும் பார்த்தாள், மூக்கியைப் பார்த்தாள், தட்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு எப்படிக் குறுகுறுக்கிறது பார், என்று மூக்கி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு விடுதிக்காரர் வந்தார். பெரிய தொந்தி, சின்னக் குரல். உட்காருவதற்கு முன்பே, காலையில் பல்கூட வெறும் தண்ணீரில்தான் துலக்கினேன், வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அறிவித்தார்.

முதலில் பொரித்த மீன், மேலே எலுமிச்சை பிழிந்தது. அதற்கு வெள்ளை. வெளியே பண்ணையிலேயே பாட்டிலில் அடைத்து வருகிற ஒயின் அது, காலுறை விளையாட்டில் சேராது. தட்டில் இருக்கும் புளிப்பைவிடக் கோப்பையில் இருக்கும் புளிப்பு ஒரு படி கூடவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயின் தண்ணீராகத் தோன்றும் என்று மூக்கி சொன்னாள். விடுதிக்காரர் ஒரு வாய் மீன், ஒரு வாய் ஒயின் என்று மாறி மாறிச் சாப்பிட்டுவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார்.

நர்ஸ் குடிக்கிறவள் இல்லை. தண்ணீர்க் கோப்பையைக் கையில் உருட்டியபடி இருந்தாள்.

பிறகு காளான் போட்டுச் சுட்ட கோழி வந்தது. மூக்கி எழுந்து, எல்லாருக்கும் இரண்டு கோப்பை வைத்து, ஒன்றில் சிவப்புக் காலுறையிலிருந்தும் ஒன்றில் நீலத்திலிருந்தும் ஊற்றினாள்.

அவளும் மோந்து பார்த்தாள். சிவப்பு அமைதியாக இருந்தது. நீலம் சத்தமாக இருந்தது, செர்ரியும் மிளகுமாக, கோப்பையை விட்டு எழுந்து வந்தது. அவளுக்குத் திக்கென்றது. ஊசி வழியாக எதையோ கலந்து வாசனை ஏற்றியிருக்கிறாளா?

அப்பா வழக்கம்போல விருந்தாளி முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார்.

விடுதிக்காரர் சிவப்பைக் குடித்தார். கோழியைச் சாப்பிட்டார். மறுபடி சிவப்பு. கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இதுதான் எனக்கு வந்தது. இதே ஊமைதான்."

பிறகு நீலத்தை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். காளானோடு இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங்கே இருந்துச்சு இத்தனை நாளா? பழைய வீட்டுச் சிவப்பு. அண்ணே, இதைத்தானே நீங்க எனக்குத் தந்துக்கிட்டிருந்தீங்க?"

அப்பா இரண்டு கோப்பையையும் ஆட்டிப் பார்த்தார், இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்தார். இரண்டுமே நல்ல ஒயின்தான், கறுத்த செர்ரி, கொஞ்சம் மிளகு, கடைசியில் ஈர மண் என்றார். அப்பா தன் பக்கம் நிற்கிறார் என்று மூக்கிக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. ஆனால் பொறி தலைகீழாகிவிட்டது. தான் பொறுக்கி எடுத்தது ஊமை, நர்ஸ் ஒளித்து வைத்தது அருமை. இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. பையிலிருந்து பச்சை மெழுகை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள்.

"இதுல ஓட்டை இருக்கு, பாருங்க. ஊசி போட்ட ஓட்டை. உள்ள என்னத்தைக் கலந்தேன்னு நீயே சொல்லும்மா."

தம்பியின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது. நர்ஸ் மட்டும் அசையவில்லை.

"கலக்கல அண்ணி. எடுத்தேன்."

"என்னது?"

"ஊசி உள்ள போடறதுக்கு மட்டுமா? நாங்க ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கறோம். பாட்டிலைத் திறக்காம ஒரு சொட்டு எடுத்து மோந்து பாக்கணும்னு இருந்துச்சு. திறந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

ஆரம்பித்தது இவர் சட்டையில், என்று புருஷனைக் காட்டினாள். நிலவறையிலிருந்து வந்தால் சட்டையில் ஒரு நாற்றம், மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி மாதிரி. எத்தனை முறை துவைத்தாலும் மறுநாள் திரும்பி வந்துவிடும். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஒயினிலும் அதையே மோந்தாள். எல்லாப் பாட்டிலிலுமா என்று பார்க்கத்தான் பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று எடுத்து வைத்தாள். பச்சையில் இல்லை. கறுப்பில் இருந்தது.

"இதை வாயால சொல்றதுக்கு என்ன?" என்று மூக்கி கேட்டாள்.

"குடிக்கத் தெரியாதவ. வந்து நாலு மாசம். மூக்குக்கே பேர் வாங்கின வீட்ல வந்து, உங்க ஒயின் நாறுதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஆஸ்பத்திரி மருந்து நெடியில மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லியிருப்போம்," என்றான் தம்பி. அது அவன் வழக்கமாகச் செய்கிற கேலிதான். இன்றைக்கு அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. வேன் வேலைக்கு விண்ணப்பம் வாங்கியது தானே என்றும் அவன் அப்போதே ஒப்புக்கொண்டான். பாட்டில்கள் திரும்பி வருவதைப் பார்த்து, கடை நிற்குமோ நிற்காதோ என்ற பயத்தில் வாங்கினானாம். நர்ஸ்தான் வேண்டாம் என்று தடுத்தாளாம்.

மூக்கி எதையும் நம்பவில்லை. கெட்ட கார்க் ஒயினில் ஏற்றிவிடுகிற அந்த அட்டை நாற்றம் அவளுக்குத் தெரியாதா? பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எத்தனை பாட்டிலை அதற்காகத் தூக்கி எறிந்திருக்கிறாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, வார்டுல வேலை பாக்கறவங்களுக்கு வார்டு வாசனை தெரியாது. வெளிய போய்ட்டு வந்தாத்தான் தெரியும். தெருமுனை வரைக்கும் போங்க. அரை மணி நேரம் கழிச்சு வாங்க. வந்ததும் ஒயினை மோந்து பாக்காதீங்க. நிலவறைக் கதவைத் திறங்க, போதும்."

மூக்கி எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து, நீலக் காலுறையை ஒரு கக்கத்திலும் சிவப்பை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டாள். தான் இல்லாத நேரத்தில் யாரும் மாற்றி ஊற்றிவிடக் கூடாது. விடுதிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோழியைக் கவனித்தார்.

விடுமுறை என்பதால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மருந்துக்கடை பூட்டு, முடி வெட்டும் கடை பூட்டு. பேருந்து நிறுத்தத்துப் பலகையில், காலுறை போட்ட இரண்டு பாட்டில்களை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி ஒன்று டீசல் புகை விட்டுப் போனது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியிலிருந்து சோப்பு வாசனை வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையாக வந்தது. இவ்வளவு கூர்மையாக மோந்து எத்தனை நாளாகிறது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அரை மணி கழித்து வந்து, பாட்டில்களைக் கடையில் வைத்துவிட்டு, நிலவறைக் கதவைத் திறந்தாள்.

கதவிடுக்கிலேயே அது அவள் முகத்தில் அறைந்தது. நனைந்த அட்டை. நனைந்த நாய். பூசணம் பிடித்த பழைய புத்தகம். இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டாள். இதற்குள்தான் தினமும் ஏறி இறங்கினோமா? இதையா நாலு மாதமாக வீட்டு வாசனை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நாற்றம் மரத் தட்டுகளிலிருந்து வந்தது. அதைவிட அதிகமாக, உத்தரத்தில் தொங்கிய கார்க் சாக்கிலிருந்து வந்தது. தட்டுக்குக் கீழே, சுவரோரமாக ஒரு தகர டப்பா. மேலே காகிதம் ஒட்டி, 'தொடாதே' என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையது.

பிளீச்சிங் பவுடர்.

அந்த வாரம் முழுசாக நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், நிலவறைத் தட்டெல்லாம் பூசணம். யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில், தனி ஆளாக, பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினாள். எத்தனை சுத்தம் என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

பவுடரில் இருக்கும் குளோரின் மரத்தில் ஊறும். மிச்சமிருக்கும் பூசணம் அந்த மரத்தைத் தின்னும். அந்தச் சேர்க்கையில்தான் இந்த நாற்றம் பிறக்கும். காற்றில் கலக்கும், தக்கை மாதிரி எதையும் உறிஞ்சுகிற பொருளில் போய்க் குடியேறும். இதை அவள் எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். யாரோ எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்கிற தப்பு என்றுதான் எப்போதும் சொல்வாள்.

பச்சை மெழுகுப் பாட்டில்கள் அதற்கு முன்பே மூடியவை. மெழுகு போட்டாயிற்று, உள்ளே போக வழியில்லை. கறுப்பு மெழுகுப் பாட்டில்களுக்கு அடித்ததெல்லாம் இந்தச் சாக்கில் திறந்து கிடந்த கார்க். கொஞ்சமாக ஏறினால் நாறக்கூடச் செய்யாது, ஒயினின் வாசனையை மட்டும் அமுக்கிவிடும். ஊமையாக்கிவிடும்.

ஒரே வாரத்தில் இரண்டு புது வரவு. தம்பி மனைவியும் பிளீச்சிங் பவுடரும். அவள் சந்தேகப்பட்டது ஒன்றின் மேல் மட்டும்.

மேலே படிக்கட்டின் தலைப்பில் தம்பியின் நிழல் விழுந்தது.

"என்னக்கா, ஏதாவது கெடச்சுதா?"

டப்பாவைக் காலால் உள்ளே தள்ளினால் போதும். யாருக்கும் தெரியாது. பின்னால் தெரிந்தாலும், பிளீச்சிங் பவுடர் என்றால் எல்லார் கண்ணும் ஆஸ்பத்திரிக்காரியின் மேல்தான் போகும். சாவி கைக்கு வந்துவிடும்.

மூக்கி குனிந்து டப்பாவை எடுத்தாள். அது எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

கோழித் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்து, நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கடைசியில் நர்ஸைப் பார்த்தாள்.

"நான்தாம்மா. உன் அலமாரியைத் தோண்டினதும் நான்தான். மன்னிச்சுக்கோ."

"என் துணியை மறுபடி அடுக்கி வைக்கிற வேலை உங்களுது," என்றாள் நர்ஸ்.

விடுதிக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். பச்சை மெழுகு இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பின் வரிசையில் இருபது இருக்கும் என்றான் தம்பி. அதைத் தன் விடுதிக்கு அனுப்பச் சொன்னார், அது தீர்கிற வரைக்கும் காத்திருப்பதாகவும், அதற்குள் மரத்தையும் சாக்கையும் மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு மிச்சக் கோழிக்குக் கை நீட்டினார்.

மூக்கி சாவியைப் பற்றி நினைக்கவே இல்லை. அது போயிற்று என்று தெரியும். அதனால் அப்பா சட்டைப் பையில் கைவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மேஜை மேல் இரும்பு உரசும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள்.

"எடுத்துக்கோ."

"அப்பா, நான் இப்ப என்ன சொன்னேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். தப்பைக் கையில தூக்கிட்டு வந்து மேஜையில வெக்கறவகிட்ட சாவி இருந்தா போதும். நானும்தான் நாலு மாசமா அந்த நிலவறையில இறங்கி ஏறினேன். எனக்கும் ஒண்ணும் தெரியல."

சாவி அவள் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. பதினைந்து வருஷம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவுக்கும் என்னவோபோல இருந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேஜையில் திறக்காமல் மிச்சமிருந்த மஞ்சள் காலுறையை எட்டி எடுத்தார்.

அதில் என்ன இருக்கிறது என்று மூக்கிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்ல வாயெடுத்தாள். பிறகு, இவ்வளவு இறுக்கத்துக்குப் பிறகு எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று விட்டுவிட்டாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அப்பா கண்டுபிடித்துவிடுவார். யாருடி இந்தக் கோமாளி என்பார்.

அப்பா ஊற்றினார். மேஜைக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். தேநீர் வாசனை அங்கே வரைக்கும் போயிருந்தது.

அப்பா கோப்பையை ஆட்டினார். முறைப்படி மூக்கருகே கொண்டுபோனார், ஆழமாக இழுத்தார். ஒரு வாய் குடித்து, வாய்க்குள் உருட்டி, மெதுவாக விழுங்கினார்.

"இதுதான் இன்னைக்கு உள்ளதுலயே நல்லா இருக்கு. கறுத்த செர்ரி. கொஞ்சம் மிளகு. கடைசியில ஈர மண்."

யாரும் சிரிக்கவில்லை. விடுதிக்காரருக்கும் தம்பிக்கும் அது கோமாளி என்று தெரியாது.

கறுத்த செர்ரி, கொஞ்சம் மிளகு, ஈர மண். வீட்டுச் சிவப்புக்கு மூக்கி போன வருஷம் எழுதிக் கடையில் ஒட்டிய அட்டையின் மூன்று வரிகள் அவை. சற்று முன்பு சிவப்புக்கும் நீலத்துக்கும் சேர்த்து அவர் சொன்னதும் அவையேதான்.

சமையலறைத் தொட்டியில், காலையில் கருகிய வாணலி இன்னும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. காலையில் அது அடுப்பில் புகைந்தபோது, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்த நெடி தெரியவே இல்லை.

மூக்கி தலையைத் தூக்கினாள். நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் துளிகூட இல்லை. வெகுநாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவரும் தெரிந்துகொண்டதைப் பார்க்கிற பார்வை அது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா மாமா?" என்று நர்ஸ் எழுந்து, மஞ்சள் காலுறையை யாரும் மோந்து பார்ப்பதற்குள் கையில் எடுத்துக்கொண்டாள்.

மூக்கி சாவியை இறுக்கிப் பிடித்தாள்.